பன்னிரண்டு சர்வரில் ஒரு கல்யாணப் பத்திரிகை

வீட்டிலோ ஆபீசிலோ ஒருவன் திடீரென்று சுத்தம் செய்யக் கிளம்பினால், முக்கியமான ஏதோ ஒன்று அன்றைக்குத் தொலையப்போகிறது என்று அர்த்தம். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அந்த ஒருவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பஸ் டிக்கெட் புக் செய்யும் வெப்சைட் நடத்துகிற ஒரு சென்னைக் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலையெல்லாம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடியேதான். இரண்டு வாரத்தில் கடலூரில் அக்காவுக்குக் கல்யாணம். ஆனால் வீட்டில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. காரணம் கலியமூர்த்தி மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீமுஷ்ணத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்தபோது அப்பா தட்டோடு நேரில் போய் அழைக்காமல், போனில் சொல்லி முடித்துவிட்டார். மாமா வரவில்லை. வராதவனை ஏன் போய்க் கூப்பிட வேண்டும் என்று இப்போது அப்பா முறுக்கிக்கொண்டார். கூப்பிடாத வீட்டுக்கு ஏன் வர வேண்டும் என்று அங்கே மாமா முறுக்கிக்கொண்டார். அச்சடித்த பத்திரிகையில் மாமாவின் பெயரே இல்லை. தாய்மாமன் இல்லாமல் மகளை எப்படி மணையில் உட்கார வைப்பது என்று அம்மா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்.

“அவன் வரலன்னா தாலி ஏறாதா?” என்பார் அப்பா.

“நல்லா ஏறும். நீங்களே போயி ஏத்திட்டு வாங்க. நான் மண்டபத்துக்கு வரல.”

நான் அக்காவின் கல்யாணத்துக்கு ஒரு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். அம்மா மாடிக்கு வந்து கிசுகிசுப்பாகச் சொன்னார்: “பேப்பர்லதான் போடல. உன் கம்ப்யூட்டர்லயாவது எந்தம்பி பேரப் போடுடா.”

போட்டேன். எல்லாப் பெயருக்கும் மேலே, கொட்டை எழுத்தில், ‘தாய்மாமன் ஸ்ரீமுஷ்ணம் கலியமூர்த்தி அன்புடன் அழைக்கிறார்’. பக்கம் திறந்தவுடன் அக்காவின் படம் வரும், நாதஸ்வரம் ஒலிக்கும். கீழே ‘வருகிறேன்’, ‘வர இயலவில்லை’ என்று இரண்டு பட்டன்கள், வாழ்த்து எழுத ஒரு பெட்டி. இதையெல்லாம் கம்பெனி எனக்குச் சோதனைக்குக் கொடுத்திருந்த கிளவுட் மெஷினில் வைத்தேன். (ஆமாம், கம்பெனி செலவில்தான். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.)

இனி ஒரே ஒரு பத்தி தொழில் விஷயம். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். கிளவுட் என்பது எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது. ஒரு மெஷினில் எல்லாவற்றையும் சரியாக அமைத்து, அதை முழுசாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து எத்தனை மெஷின் வேண்டுமானாலும் அச்சு அசலாகக் கிளப்பலாம். அந்தப் பிரதிக்கு இமேஜ் என்று பெயர். முறுக்கு அச்சு மாதிரிதான், அச்சில் இருப்பதுதான் எண்ணெயில் விழும்.

அன்று காலை எனக்குக் கொடுத்த வேலை எளிது. பஸ் சைட்டின் புது மெஷினை இமேஜ் எடுத்து, சைட்டை நடத்திக்கொண்டிருக்கும் பன்னிரண்டு மெஷினையும், அதாவது சர்வரையும், அதிலிருந்து மாற்ற வேண்டும். மவுஸைத் தொடுவதே கேவலம் என்று நான் நினைத்திருந்த காலம் அது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் ஆம்பளை. அதிலும் முழுசாக அடிக்க மாட்டேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு தடவை அழுத்த வேண்டியது. மூன்று தடவை அழுத்திவிட்டேன். அது, முந்தின நாள் அக்காவின் கல்யாண மெஷினை இமேஜ் எடுத்துப் பத்திரப்படுத்த நானே அடித்த கட்டளை.

இமேஜ் தயாரானது. பன்னிரண்டு சர்வரும் வரிசையாக மாறின. எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு எரிந்தது. (கூப்பிட்டால் ஏதோ ஒரு பக்கம் பதில் சொல்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அக்கா கல்யாணம் நன்றாகவே பதில் சொன்னது.) அந்தப் பூரிப்பில்தான் எனக்குச் சுத்தம் செய்யும் ஆசை வந்தது. பழைய இமேஜ்கள் எதற்கு வீணாக இடத்தை அடைத்துக்கொண்டு? ஒன்று விடாமல் அழித்தேன். மவுஸ்காரர்களிடம் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் மரியாதை கறுப்புத் திரைக்குக் கிடையாது.

பதினொரு மணிக்கு எங்கள் டீம் லீடர் ஸ்டெல்லா மேடம் அழைத்தார். பின்னணியில் நாதஸ்வரம்.

“பிரபு, யாரு அந்தப் பொண்ணு?”

“எங்க அக்கா மேடம்.”

“நல்லா இருக்காங்க. எதுக்கு நம்ம ஹோம் பேஜ்ல நிக்கிறாங்க?”

போனைக் காதில் வைத்தபடியே பஸ் சைட்டைத் திறந்தேன்; என் அறையிலும் நாதஸ்வரம்.

“சரி, பதறாத. பழைய இமேஜ மறுபடி போடு.”

“அழிச்சிட்டேன் மேடம்.”

“எல்லாத்தையுமா?”

“நீட்டா இருக்கட்டும்னு...”

மறுமுனையில் மேடம் ஜெபிப்பது கேட்டது. எனக்காக அல்ல என்று நினைக்கிறேன்.

அவர் அடியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கட்டி முடிக்க மாலை மூன்று மணி ஆனது. அதுவரை தமிழ்நாட்டில் யார் எந்த ஊருக்கு டிக்கெட் தேடினாலும் என் அக்கா கல்யாணம்தான் கிடைத்தது. வாழ்த்துப் பெட்டியில் ஒருவர் “திருச்சிக்கு ரெண்டு சீட்டு, ஜன்னல் ஓரம்” என்று எழுதியிருந்தார். இன்னொருவர், “மணமக்கள் நீடூழி வாழ்க, பஸ் எத்தனை மணிக்கு?” முன்பின் தெரியாத இருநூறு பேர் ‘வருகிறேன்’ அழுத்தியிருந்தார்கள். (நாலு பேர் நிஜமாகவே வந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டார்கள்.)

வேலை போய்விடும், அப்பா தோலை உரிப்பார் என்று மாடியிலேயே பதுங்கிக் கிடந்தேன். ஐந்து மணிக்குக் கீழே ஒரு குரல். எட்டிப் பார்த்தால் வாசலில் கலியமூர்த்தி மாமா. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“என்னா மாமா இது?” என்றார் அப்பாவிடம். (அக்கா புருஷன் என்பதால் அவருக்கு அப்பா மாமா.) “கல்யாணத்தன்னிக்கு ஊர்லயே இருக்கக் கூடாதுன்னு திருப்பதிக்கு டிக்கெட் போட்டேன். பத்திரிக வருது. மேல எம்பேரு. சரின்னு திருச்சி போட்டேன், அங்கயும் கூப்புடுறீங்க. வர இயலவில்லைன்னு அமுக்குனேன், அப்பவும் உடல. பதினோரு தடவ மாமா! எங்க போனாலும் மறிச்சிக் கூப்புடுறீங்களே, நான் என்னாதான் பண்றது?”

சொல்லிக்கொண்டே வந்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா திருதிருவென்று விழித்து, மாடிப்படியில் நின்ற என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். என்ன புரிந்ததோ, அப்பா தொண்டையைச் செருமினார்.

“பின்ன? நீ இல்லாம எம்பொண்ணுக்குக் கல்யாணமா மச்சான்? உள்ள வா மொதல்ல.”

சமையலறையிலிருந்து ஓடி வந்த அம்மா, தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு ஓவென்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. எனக்கு வந்ததில் பாதி ஸ்டெல்லா மேடத்தை நினைத்து.

கம்பெனியில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். மேடம் இன்றைக்கும் என்னை ‘பொண்ணு வீட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுகிறார். நடந்தது விபத்து என்று மாமாவிடம் சொல்லும் தைரியம் இன்றுவரை எங்களில் யாருக்கும் வரவில்லை. தன் அக்கா புருஷன் தனக்காகத் தமிழ்நாட்டுப் பஸ்ஸையெல்லாம் நிறுத்திய கதையை அவர் உரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அப்பாவும் அதை மறுப்பதில்லை.

போன மாதம் அக்கா பையனுக்குக் காதுகுத்து. இந்தத் தடவை எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று அப்பா வெற்றிலை, பாக்கு, பழத்தோடு ஸ்ரீமுஷ்ணத்துக்கே நேரில் போய்ப் பத்திரிகையை நீட்டினார். மாமா தட்டையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“ஏன் மாமா, சைட்டு ரிப்பேரா?”