மேளம் விழுங்கிய கரடியும் மூன்று துளை வைத்தியரும்

இக்கதை, தென்காசிப் பக்கம் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை அரங்கக் கருவிகளை நீராவியில் அவித்து அடுக்கும் பிரிவில் வேலை பார்த்த சுடலைவடிவு என்பவர் சொல்லக் கேட்டது. 2019ஆம் ஆண்டு ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு பகல்வேளை. உரையாடல்கள் அவர் சொன்னபடியே விடப்பட்டுள்ளன. பிறர் சொல்லும் வேறுபாடுகள் இறுதியில் தரப்பட்டுள்ளன.

ஒரு காட்டில் மாசானம் என்ற கரடியும் உலகம்மாள் என்ற அவன் மனைவியும் வாழ்ந்துவந்தார்கள். மாசானத்துக்கு வெல்லம் என்றால் உயிர். ஒருநாள் வனக்காவலர் ஒருவர் மரத்தடியில் வைத்துவிட்டுப் போன துணிமுடிச்சில் வெல்லம் மணத்தது. முடிச்சை அவிழ்க்கும் பொறுமை இல்லாமல் அப்படியே விழுங்கினான். வெல்லத்தோடு, காவலருக்கு அரசாங்கம் கொடுத்திருந்த பட்டன் போனும் உள்ளே போயிற்று. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் மாதக்கணக்கில் சாகாத சாதி அது. அழைப்பு மணியாகக் காவலர் கெட்டிமேளத்தை வைத்திருந்தார்.

காணாமற்போன போனைத் தேட மனிதர்கள் அறிந்த வழி, இன்னொரு போனிலிருந்து அடித்துப் பார்ப்பது. அவர்கள் அடித்தபோதெல்லாம் மாசானத்தின் வயிற்றில் கல்யாணம் நடந்தது. மேளம் கேட்ட திசையில் வலையும் கூண்டுமாகக் காவலர்கள் வந்தார்கள். அரசாங்கச் சொத்தை விழுங்கிய கரடியை மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. குகை மாற்றி மாற்றி உலகம்மாளுக்குக் கால் ஓய்ந்தது.

“இனி ஒரு தடவை மேளம் அடிச்சா உங்களப் பிடிச்சிருவானுவ. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றாள்.

“வயித்தக் கிழிப்பாவளே, உலகு.”

“கிழிச்சா தச்சிருவாவ. கூண்டுக்குள்ள போனா யாரு வந்து தொறப்பா?”

அக்காட்டு மருத்துவமனையில் முன்னாளில் காட்டுப்பன்றி வைத்தியம் பார்த்தது. கோரைப்பல்லால் மார்பு முதல் தொடை வரை பிளந்து, வேண்டாததை எடுத்து எறிந்து, கொடியால் தைத்து அனுப்பும். பிழைத்தவர்கள் பலர். ஆனால் பிழைத்தவர்கள் எவரும் பார்வைக்கு நன்றாக இல்லை. ஆகவே காடு நாகரிகம் அடைந்ததும் பன்றியைக் கேன்டீனில் கிழங்கு உரிக்க அனுப்பிவிட்டு, மரங்கொத்தியாகிய டாக்டர் செங்கொண்டையை அமர்த்தினார்கள்.

டாக்டர் போடுவது மூன்றே துளைகள். ஒவ்வொன்றும் அவரை விதை நுழையும் அளவு. ஒன்றின் வழியே வெளிச்சத்துக்கு ஒரு மின்மினியும் சிறு கேமராவும் போகும். மற்ற இரண்டின் வழியே நீண்ட இடுக்கிகள் போகும். உள்ளே நடப்பதெல்லாம் திரையில் தெரியும். டாக்டர் திரையைப் பார்த்தே வேலை செய்வார். நோயாளியைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்பட்டதே இல்லை.

காத்திருப்போர் கூடத்தில் மிளா மான் ஒன்று வயிற்று முடியை விலக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. “எங்க போட்டாருன்னு கண்டுபிடிங்க பாப்போம்!” ஒருவராலும் முடியவில்லை. மிளா பெருமையில் நிமிர்ந்து இருமியது. அது வந்ததே இருமலுக்காகத்தான். இருமல் மட்டும் இன்னும் போகவில்லை.

உலகம்மாள் டாக்டர் முன் உட்கார்ந்தாள்.

“என்னம்மா தொந்தரவு?”

“வயித்துல மேளம், டாக்டரய்யா. போனை முழுங்கிட்டாரு. இந்தா, இம்புட்டு அகலம்.” உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “உங்க ஓட்டை வழியா இது எப்படி வரும்?”

“அதுக்குத்தான் டெக்னிக்னு ஒண்ணு இருக்கு.”

பக்கத்தில் நின்ற பச்சோந்தி பெட்டியைத் திறந்தது. அது கருவிக் கம்பெனியின் ஆள். டாக்டரின் கொண்டை எந்த நிறமோ அந்த நிறத்தில் இருந்தது.

“புது மாடல், மேடம். மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் வளையும். உள்ள போய்க் குடை மாதிரி விரியும். அங்கயே தையலும் போட்டுரும்.”

“வெளிய எடுக்குமா?”

“அது அடுத்த மாடல்ல வருது, மேடம்.”

மறுநாள் காலை மாசானத்தை மயக்கிப் படுக்கவைத்தார்கள். இடுக்கிகள் நடமாட இடம் வேண்டுமென்று வயிற்றில் காற்றை நிரப்பினார்கள். அவன் இரண்டு கரடி ஆனான். கூடத்திலிருந்த திரையில் யாவும் தெரிந்தன. மந்திகள் குட்டிகளோடு முன்வரிசை பிடித்தன. உலகம்மாள் சுவரோரம் நின்றாள். திருமணமாகி இத்தனை காலத்தில் கணவனின் உள்மனதை ஒருமுறையும் கண்டறியாதவள், இப்போது அவன் குடலை ஊரோடு சேர்ந்து பார்த்தாள்.

மின்மினி ஒரு வளைவு திரும்பியது. அங்கே கிடந்தது போன். கூடம் கை தட்டியது. இடுக்கி அதைக் கவ்வித் துளைவரை இழுத்து வந்தது. போன் வரவில்லை. நெட்டுவாக்கில் இழுத்தது. வரவில்லை. சாய்த்துத் திருப்பி இழுக்கும்போது யாரோ காவலர் அழைத்துவிட்டார். கெட்டிமேளம் முழங்கியது. கிழட்டு மந்தி ஒன்று பழக்கதோஷத்தில் எழுந்து ஒரு பிடி புல்லைத் திரையின்மேல் தூவி ஆசீர்வதித்தது.

உலகம்மாள் அரங்கின் கதவுக்கு ஓடினாள்.

“டாக்டரய்யா! மேளத்தைக் கேட்டு வந்துருவானுவ. ஓட்டையக் கொஞ்சம் பெருசாக் கிழிச்சி எடுத்துருங்க. தழும்பு விழுந்தா விழட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்ல!”

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அம்மா, வயிறுதான் உங்க வீட்டுக்காரருது. தழும்பு என்னுது. அடுத்த வாரம் மாநாட்டுல நான் இதக் காட்டணும்.”

“அப்ப போனு?”

பச்சோந்தி தொண்டையைச் செருமியது. “டாக்டர், ஒரு சந்தேகம். இவங்க வரும்போது என்ன தொந்தரவுன்னு சொன்னாங்க?”

“வயித்துல மேளம்னாங்க.”

“போனுங்கிறது காரணம். தொந்தரவு மேளம் மட்டுந்தானே?”

டாக்டரின் கொண்டை மெல்லச் சிவந்தது. பச்சோந்தியும் சிவந்தது. மணிக்கட்டு போல் வளையும் புது மாடல் இடுக்கி குடைபோல் விரிந்து, போனின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தியது. ‘சைலண்ட்’ என்று போனின் திரை காட்டியது; அதைக் கேமராவின் திரை காட்டியது. மேளம் நின்றது. இடுக்கிகள் வெளியே வந்தன. கூடம் எழுந்து நின்று கை தட்டியது. மிளா கண்ணீர் விட்டது, இருமவும் செய்தது.

“உள்ளேயே விட்டுட்டீங்களே!” என்றாள் உலகம்மாள்.

“பக்கத்து உறுப்பு எதுக்கும் சேதாரமில்ல, ரத்தம் ஒரு சொட்டு போகல. உங்களுக்கு இதுல என்னம்மா குறை?”

மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். மாசானம் நன்றாகத் தூங்கினான். மேளம் கேட்காத காவலர்கள் வேறெங்கோ அலைந்தார்கள். “பாத்தியா, உலகு? பெரிய டாக்டருதான்” என்று அவன் சொன்னபோது அவளுக்கும் பாதி நம்பிக்கை வந்தது.

ஆனால் மேளத்தை நிறுத்தினால் அந்த வகைப் போன் சும்மா இருப்பதில்லை, அதிரும். காவலர்கள் மீண்டும் அழைத்தபோது மாசானம் புற்றுக்கு முன்னால் குந்திக் கறையான் தின்றுகொண்டிருந்தான். குடலில் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருந்தது. முதலில் உதட்டைக் கடித்தான். பிறகு ‘க்ளுக்’ என்றான். பிறகு மண்ணில் புரண்டு காடே கேட்கச் சிரித்தான்.

“சிரிக்காதிய! உங்களுக்குப் புண்ணியமாப் போவும், சிரிக்காதிய!” உலகம்மாள் அவன் வாயை இரு கையாலும் பொத்தினாள். கைவிரல்களுக்கு நடுவே சிரிப்பு கசிந்தது.

“முடியல, உலகு... ஐயோ... கூசுது...”

கரடி சிரித்து அதுவரை எந்தக் காவலரும் கேட்டதில்லை. அத்தனைபேரும் வந்துவிட்டார்கள். வலைக்குள் போகும்போதும் மாசானம் சிரித்துக்கொண்டே போனான். மருத்துவமனைக்குச் செய்தி எட்டியதும், நோயாளி மகிழ்ச்சியோடு இருப்பதாக அங்கே பேசிக்கொண்டார்கள்.

காவலர்கள் அவனை ஊருக்குள் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அவருக்கு மாநாடு எதுவும் இல்லை. ஒரு முழத்துக்குக் கிழித்தார், போனை எடுத்தார், சாக்குத் தைப்பதுபோல் தைத்தார். புண் ஆறியதும், போன் கிடைத்துவிட்டதால் கரடி இனித் தேவையில்லை என்று காட்டிலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

உலகம்மாள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தாள். காதை வயிற்றில் வைத்துக் கேட்டாள். பசி மட்டுமே கேட்டது. அன்று அவள் எடுத்து வந்த தேனடை முழுவதையும் அவனே தின்றான்.

காடு அவனை வேறுவிதமாகப் பார்த்தது. சுனைக்குப் போனால் மந்திகள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டன. “பாவம், நல்ல டாக்டருகிட்ட காட்டிருக்கலாம்” என்றது மிளா, இருமலுக்கு நடுவே. மரங்கொத்திகள் மாநாட்டில் டாக்டர் செங்கொண்டை இரண்டு வயிறுகளின் படத்தை அருகருகே காட்டினார். “இது நம்மிடம் செய்துகொண்டது. இது வெளியே போய்ச் செய்துகொண்டது.” இரண்டும் ஒரே வயிறு என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சோந்தி பொன்னிறமாயிற்று.

ஒருநாள் மாசானம் தழும்பைத் தடவியபடி மெல்லப் பேச்செடுத்தான்.

“உலகு, நாலுபேரு முன்னால நிக்கக் கூச்சமா இருக்கு. டாக்டரைப் பாத்தேன். இந்தத் தழும்பை எடுத்துருவாராம்.”

“எப்படி எடுப்பாராம்?”

“மூணே மூணு ஓட்டைதானாம்.”

உலகம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மண்ணில் புரண்டு, காடே கேட்கச் சிரித்தாள். அவள் வயிற்றில் போன் எதுவும் இல்லை.

நீதி: சிறு துளை வழியே வெளிவராத எதையும் நோய் என்று ஒப்புக்கொள்ளலாகாது.

வேறுபாடுகள்: புளியங்குடிப் பக்கம் சொல்லும்போது, காவலர்கள் இரண்டாம் முறை அழைக்குமுன் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது; கரடி நலமாக வாழ்கிறது, பெருமை டாக்டரைச் சேர்கிறது. கால்நடை மருத்துவமனை ஊழியர்கள் சொல்வதில், உலகம்மாள் கேன்டீனிலிருந்து பன்றியை அழைத்து வந்து அரங்கின் கதவை உடைக்கிறாள். கருவி விற்பனைப் பிரதிநிதிகளிடையே வழங்கும் கதையில் டாக்டர், பச்சோந்தி, இடுக்கி மூவரும் உண்டு. கரடி மட்டும் இல்லை.