கார்க் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

பொன்னேரி,
ஆஸ்பத்திரி வராந்தா,
ஆயுத பூஜை மத்தியானம், 1974.

பிலாயில் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை வீரராகவன் அவர்களுக்கு, கும்மிடிப்பூண்டி மாமனார் பரசுராமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் மாமியாரும் உங்கள் சம்சாரம் சௌபாக்கியவதி ரத்னாவும் .............. இந்த இடத்தில் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ரத்னாவைப் பிரசவ அறைக்குள் அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நர்சம்மா வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் புள்ளி வைத்து இடம் விட்டிருக்கிறேன். சேதி தெரிந்ததும் நிரப்புகிறேன். தந்தி கொடுக்கலாமே என்றால் இப்போதைக்கு என்னவென்று கொடுப்பது?

சும்மா உட்கார்ந்திருந்தால் உள்ளே கேட்கிற சத்தமெல்லாம் ரத்னாவின் சத்தமாகவே கேட்கிறது. எதையாவது எழுதிக்கொண்டிருந்தால் தேவலை என்று நர்சம்மாவிடம் பேனாவும் காகிதமும் கேட்டு வாங்கி, உங்கள் போன கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கிற ஒருவர் கரண்டில் ஓடுகிற டிரில் மெஷினை மலிவாகத் தருகிறார், ஸ்கூட்டரை வீட்டிலேயே ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம், வாங்கலாமா மாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் மாப்பிள்ளை. அவர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஏன் என்று கேட்பீர்கள். நானும் ஒன்று வாங்கினேன். வாங்கினதன் பலனாகத்தான் இன்றைக்கு உங்கள் சம்சாரம் காரில் மாட்டிக்கொண்டு, அப்பா முகத்தைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். பயப்படாதீர்கள், காரை விட்டு இறக்கியாகிவிட்டது. ஆனாலும் விவரமாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புத்தியில் ஏறும்.

நம் பழைய காரின் பின்பக்க இடது கதவு வளைவில் தானாகத் திறந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் கவரைப்பேட்டை வளைவில் திறந்து, பின் சீட்டில் வைத்திருந்த பலாப்பழம் உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வலி எடுத்து ரத்னாவை அந்த சீட்டில் உட்கார வைத்து அதே வளைவில் திரும்பினால் என்ன ஆகும் என்று கண்ணை மூடினால் அந்தப் பலாப்பழம்தான் தெரியும். ரோட்டோரம் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் தானியேலைக் கேட்டேன். "பூட்டு தேஞ்சி பூட்சி சார். மெட்ராசுலேர்ந்து வேற வரணும். பூஜை லீவு முடியட்டும், போட்டுத் தரேன். அதுக்குள்ளார இன்னா அவசரம்?" என்றான். பிள்ளை பூஜை லீவைப் பார்த்துக்கொண்டா பிறக்கும்? வீட்டுக் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிக் கார்க் கதவின் உட்பக்கம் நாமே அடித்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. உள்ளேயிருந்து ரத்னா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் எத்தனை வளைவு வந்தாலும் கவலை இல்லை. இரும்பில் துளை போட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் பட்டணம் போய், நடைபாதையில் கப்பல் சாமான் பரப்பி வைத்திருந்தவனிடம் அந்த மெஷினை வாங்கினேன். வெளிநாட்டு மெஷின், பார்க்க லட்சணமாக இருந்தது, இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறான் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் ப்ளக்கைச் சொருகி சுவிட்சை அழுத்தினேன். மாப்பிள்ளை, அது ஓடினது ஓட்டமே இல்லை. கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி அலறி, ஒரு நாற்றம் நாறி, வீட்டு ஃபியூஸையும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஃபியூஸையும் சேர்த்துக்கொண்டு போயிற்று. தானியேலிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் அதன் வயிற்றில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துவிட்டு, "இது அவங்க ஊரு கரண்டுக்கு செஞ்சது சார். நம்ம கரண்டுல பாதிதான் இது தாங்கும். நேரா சொருவாத, நடுவுல ஒரு இஸ்திரிப் பொட்டிய மாட்டி ஓட்டு, ஓடும்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொன்னானோ என்னவோ, ஓடியது. ஆனால் ஒரு சங்கடம். நான் மெஷினை ஓட்டினால்தான் இஸ்திரிப் பெட்டி சுடும், நிறுத்தினால் அதுவும் ஆறிவிடும். சுடுகிற பெட்டியைச் சும்மா வைப்பானேன் என்று உங்கள் மாமியார் குணசுந்தரி, பிறக்கப்போகிற குழந்தைக்குக் கிழித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை வாசலிலேயே மடித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நான் காருக்குள், அவள் வெளியே. நான் கை வலிக்கிறது என்று நிறுத்தினால், "இன்னாத்துக்கு நிறுத்துற? மடிப்பு இன்னும் வுழல" என்று ஒரு அதட்டல். இரும்பு ஏறவில்லையே என்று அழுத்திப் பிடித்தால் மெஷின் திணறும், அவள் பெட்டி தகதகவென்று காய்ந்துவிடும். துணியெல்லாம் கருகின முக்கோணம். உங்கள் பிள்ளைக்கு அந்தத் துணிதான், மன்னிக்கவும்.

முதலில் பழக்கத்துக்காக வலது கதவில் ஒரு துளை போட்டுப் பார்த்தேன். துளை போடுகிற ஊசி உள்ளேயே முறிந்து பூட்டுக்குள் விழுந்துவிட்டது. அன்றையிலிருந்து வலது கதவு திறப்பதில்லை. போகட்டும், அதுவும் ஒரு பத்திரம்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இடது கதவில் தாழ்ப்பாளுக்கு நாலு துளை போட ஆரம்பித்தேன். ஒன்றுதான் முழுசாக விழுந்தது. மற்ற மூன்றும் தகட்டில் குழி விழுந்ததோடு சரி. மெஷினோ தொட முடியாமல் கொதித்தது, அவளுக்கும் தேய்க்கத் துணி தீர்ந்துவிட்டது. அந்த மூன்று குழியிலும் சோப்பை அடைத்து, ஆணியைச் சும்மா ஒப்புக்குத் திருகி வைத்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

இன்றைக்குக் காலையில் ஆயுத பூஜை. ஊரில் ஒரு ஸ்பேனர் அசையவில்லை. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துப் பூப்போட்டு மூடிவிட்டார்கள். நம் வீட்டில் உங்கள் மாமியார் அரிவாள்மனை, கத்திரிக்கோல், சுத்தியல் எல்லாவற்றோடும் இந்த டிரில் மெஷினையும் மணையில் ஏற்றினாள். புது மெஷின் என்று அதற்கு மட்டும் விசேஷமாகச் சந்தனம். காற்றுப் போகிற ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அத்தனை ஓட்டையும் பொட்டு வைக்கத்தான் என்று நினைத்து ஒன்று விடாமல் குழைத்து அப்பிவிட்டாள். கழுத்தில் ஒரு சாமந்தி மாலை. பிறகு காருக்குப் பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது பிள்ளைத்தாச்சி உட்கார்ந்திருந்தால் நல்லது என்றாள். அது எந்த சாஸ்திரம் என்று நான் கேட்கவில்லை. ரத்னா உட்கார்ந்தாள். "தாழ்ப்பாள் போடும்மா" என்றேன் பெருமையாக. போட்டாள். பழத்தின் மேல் ஏற்றி இறக்கினேன். "நைனா, இடுப்பு ஒரு மாதிரி வலிக்குது" என்றாள். உடனே, "நைனா, தாப்பா வரமாட்டுது" என்றாள்.

ஏற்றி இறக்கினதில் கதவு தணிந்து தாழ்ப்பாள் வளைந்து இறுகிவிட்டது மாப்பிள்ளை. வலது கதவுதான் ஏற்கெனவே செத்த கதவு. முன் சீட்டைத் தாண்டி வா என்று நிறைமாசக்காரியைச் சொல்ல முடியுமா? கதவை இழுத்துப் பார்க்கலாம் என்றால், என் தாழ்ப்பாள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை, இழுத்தால் கதவே பெயர்ந்து அவள் மேல் விழும் என்று யாரையும் கிட்டே விடவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, மெஷினைக் கொண்டுவந்து தாழ்ப்பாளைத் துளைத்தே எடுத்துவிடுவது என்று உள்ளே ஓடினேன். குணசுந்தரி குறுக்கே நின்றாள். "பூஜைல வெச்சத நாளைக்கித்தான் எடுக்கணும். தொட்டா குடும்பத்துக்கு ஆவாது" என்றாள். வெளியிலிருந்து ரத்னா, "யம்மா" என்று கத்தினாள். அவ்வளவுதான், உங்கள் மாமியாரே மெஷினை வாரித் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். பதற்றத்தில் இஸ்திரிப் பெட்டியை இரண்டு பேருமே மறந்தோம். நேராகச் சொருகினேன். சாமந்தி மாலை சுற்றின சுற்றில் பூ தெரு பூராவும் பறந்தது. சந்தனம் என் மேலும் கார் கண்ணாடி மேலும் அடித்தது. கடைசியில் ஒரு புகை வந்தது, அதில் சந்தன வாசனையும் இருந்தது. மெஷின் போய்ச் சேர்ந்தது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் பெண்ணை நானே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

புகையைப் பார்த்துத் தானியேல் ஓடி வந்தான். இன்றைக்கு அவனும் ஸ்பேனர் தொடமாட்டான். ஏண்டா, உனக்கேது ஆயுத பூஜை என்று கேட்டால், "நான் கும்புடறது ஏசுவ. ஆனா ஸ்பேனருக்கும் ஒரு நாள் லீவு வோணாமா சார்?" என்பான். அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னா சார், பொண்ணு வண்டிலதான குந்திகினு கீது? வண்டி ஓடுதில்ல? ஓட்டிகினு போய்க்கினே இரு. கதவு கதைய ஆஸ்பத்திரில பாத்துக்கலாம்" என்றான். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்னும் தெரியவில்லை. குணசுந்தரியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். கவரைப்பேட்டை வளைவில் கதவு கம்மென்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடியில் ரத்னாவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வலி விட்டு விட்டு வந்தது. நடுவில் ஒருதரம், "நைனா, அவருக்கு மிசினு வாங்கச் சொல்லி எய்திடாத" என்றாள். அவள் வாக்குத்தான் இது, என் வாக்கு மட்டுமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நான் கையைப் பிசைந்துகொண்டு, தாழ்ப்பாள், பூட்டு, சோப்பு என்று உளறிக்கொண்டிருக்க, ஆயா ஞானம்மா வந்தாள். "இதுக்கா இவ்ளோ பேஜாரு? நவுரு சார்" என்று கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு. தாழ்ப்பாள், நாலு ஆணி, சோப்பு எல்லாம் அவள் காலடியில். துளை நாலும் ஒழுங்காக விழுந்திருந்தால் கதவு திறந்திருக்காது. ஆகையால் மாப்பிள்ளை, மலிவு மெஷின் ஒழுங்காக வேலை செய்யாது. செய்தால் அதைவிட ஆபத்து. ஸ்கூட்டரை மெக்கானிக்கிடமே விடுங்கள். சத்தியமாக வாங்காதீர்கள்.

உள்ளே சத்தம் அடங்கியிருக்கிறது. அடங்கினால் நல்லதா கெட்டதா என்று கேட்க ஆள் இல்லை. குணசுந்தரி மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருக்கிறாள். உங்கள் தாயாருக்கு எங்கள் நமஸ்காரம். திருத்தணி முருகன் உங்களையும், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் கோரும் மாமனார்,
சி. பரசுராமன்.

பி.கு.: பெண் குழந்தை. தாயும் குழந்தையும் சுகம். மேலே புள்ளி வைத்த இடத்தில் க்ஷேமம் என்று படித்துக்கொள்ளவும். ஞானம்மா என் கையில் கொடுத்தாள், கருகின முக்கோணத் துணியில் சுற்றித்தான் கொடுத்தாள். மூக்கு உங்கள் மூக்கு. நான் அழுதுவிட்டேன், எழுதுவதில் வெட்கம் என்ன. இப்போது ஒரு விஷயம். தூளி எங்கே கட்டுவது என்று குணசுந்தரி கேட்கிறாள். இங்கே எங்கள் குவார்ட்டர்ஸில் சிமெண்டுக் கூரை, உத்தரம் கிடையாது, இருக்கிற ஒரே கொக்கியில் ஃபேன் தொங்குகிறது. கூரையில் துளை போட்டால்தான் தூளி. ஆகவே மேலே எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த மெஷினை உடனே வாங்கிக்கொண்டு முதல் ரயிலில் புறப்பட்டு வரவும். மெஷினை நீங்கள்தான் பிடிக்க வேண்டுமாம், என் கையில் தரக்கூடாது என்று ரத்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சரி, நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறேன்.