ஒரு விளம்பரமும் வராத போன்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவோம். டாக்டர்கள்கூட எதிரே ஒருவர் இருமினார் என்பதற்காக "வாயைத் திறங்க" என்று ஓடிப்போய் நிற்பதில்லை. நாங்கள் நிற்போம். "இங்க குடுங்க, ஒரு நிமிஷம்" என்று கையை நீட்டிவிடுவோம். அப்படி நான் கையை நீட்டிய ஒரு நிமிஷத்தில்தான் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் நெட்வொர்க் பிரிவில் இருந்தேன். என் வேலை, ஓடாத மெஷினை அணைத்து மறுபடி போடுவது. அப்படியும் ஓடவில்லை என்றால் எனக்கு மேலே இருப்பவரிடம் சொல்வது. ஆனால் எங்கள் நைனார்பாளையத்தில் இதையெல்லாம் யார் விசாரிக்கப் போகிறார்கள்? ஊருக்கு நான் நெட் இன்ஜினியர். (நானும் மறுத்ததில்லை.)

பொங்கல் லீவில் போயிருந்தேன். என் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கக் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பிரான்சிஸ், மலைக்கு உள்ளே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவருடைய அப்பா ஆரோக்கியசாமி ரிட்டயர்டு வாத்தியார். அம்மா ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய மலைத்தேன் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கும். அப்பா கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த இரண்டு குடும்பங்களையும்" என்று உருக்கமாகத் தொடங்கினார். எல்லாரும் தலைகுனிந்து நின்றோம். அந்த அமைதியில் வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்து ஒரு கணீர்க் குரல் எழுந்தது: "மூலத்தால் அவதிப்படுகிறீர்களா?"

பஸ்ஸில் பக்திப் பாட்டு வீடியோ கேட்டுக்கொண்டு வந்தவர், நிறுத்தாமல் பைக்குள் போட்டிருக்கிறார். பாட்டு முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. அவர் போனைத் தேடி எடுப்பதற்குள் மூலம், பௌத்திரம் இரண்டையும் சொல்லி, ஆபரேஷன் இல்லாத சிகிச்சை என்பதுவரை போய்விட்டது. மனிதர் முகம் சுருங்கிப்போனது.

"இங்க குடுங்க மாமா, ஒரு நிமிஷம்" என்றேன்.

அந்த வாரம்தான் விளம்பரம் தடுக்கும் ஆப் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்திருந்தேன். புது சைக்கிள் வாங்கிய பையன் மாதிரி, ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அது செய்கிற வேலை எளிமையானது. போன் எந்தத் தளத்துக்குப் போவதானாலும் முதலில் அதற்கு வழி கேட்கவேண்டும். இந்த ஆப் போனுக்குள்ளேயே ஒரு வாசல் போட்டு, எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியாகத் திருப்பிக்கொள்ளும். கேட்கிற பெயர் விளம்பரக் கம்பெனியுடையது என்றால், "அப்படி ஒரு வீடே இந்தத் தெருவில் கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிடும். போனும் அதை நம்பித் திரும்பிவிடும். (பாட்டு வீடியோவுக்கு நடுவில் வருகிற விளம்பரத்தை மட்டும் இதனால் தடுக்க முடியாது. எந்த விளம்பரத்துக்காக நான் எழுந்தேனோ அந்த விளம்பரத்தை! அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.)

ஆப்பைப் போட்டதோடு விட்டிருக்கலாம். செட்டிங்ஸில் இன்னொன்றையும் பார்த்தேன்: இந்த வாசல் வழியாகத் தவிர வேறு எந்த வழியாகவும் இன்டர்நெட் போகவோ வரவோ கூடாது. நல்ல விஷயம்தானே என்று அதையும் அழுத்தினேன். திரையின் மேலே சின்னதாக ஒரு சாவி தோன்றியது.

"இனிமே ஒரு விளம்பரம் வராது மாமா."

"பூட்டு போட்டுட்டீங்களா தம்பி?" என்று அவர் அந்தச் சாவியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "பெரிய உபகாரங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார், என் பையன் எப்படி என்கிற மாதிரி. காபி தட்டோடு வந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை மட்டும் நான் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்துவிட்டேன்.

பிறகு அவளையும் மாப்பிள்ளையையும் கொல்லைப்புறம் பேச அனுப்பினார்கள். அவள் கேட்டிருக்கிறாள்: "ராத்திரி பாம்புக்கடின்னு தூக்கினு வந்தா இன்னா பண்ணுவீங்க?" அவர் சொல்லியிருக்கிறார்: "மொதல்ல பயப்படுவேன். அப்புறம் ஊசி போடுவேன்." அந்த ஒரு பதிலில் அவள் முடிவு செய்துவிட்டாள். அம்மாவிடம் அவள் இதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பார்க்க வந்த யாரைப் பற்றியும் அவள் இப்படிச் சிரித்துப் பேசியதில்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வார்த்த சொல்லி அனுப்புறோங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் மலையேறினார்கள். தேன் தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஞாயிறு வந்தது, போனது. வார்த்தை வரவில்லை. (நான் லீவை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கொண்டு ஊரிலேயே இருந்தேன்.)

எங்கள் பக்கம் பெண் வீட்டார் முந்திக்கொண்டு போன் பண்ணக்கூடாது. பண்ணினால் பெண்ணைத் தள்ளிவிட அலைகிறார்கள் என்று ஆகிவிடும். அப்பா இதில் கறார். ஆனால் அவரே ஒரு வழி வைத்திருந்தார். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்ட வேத வசனம் ஒன்றை வாத்தியாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். "போன் பண்ணாதான்டா வழியிறது. வசனம் அனுப்புறது ஊழியம்" என்றார்.

அந்த வசனங்களுக்கெல்லாம் ஒற்றை டிக்தான் வந்தது. இரண்டாவது டிக் விழவே இல்லை. வீட்டில் சோறு பொங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த டிக்கைப் பற்றியே பேச்சு. "மலைல டவர் கம்மி" என்றாள் அம்மா. "இத்தன நாளாவா?" என்றார் அப்பா. அப்போது நெட் இன்ஜினியரான நான் வாயைத் திறந்தேன்.

"டவரெல்லாம் இல்லப்பா. நம்ம நம்பர பிளாக் பண்ணி இருக்காங்க. இதுகூடவா எனக்குத் தெரியாது?"

அப்பா அன்று சாப்பிடவில்லை. தவக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடிக்கவேண்டும். எலவனாசூர்கோட்டை ஹார்ட்வேர் கடைக்காரர் வீட்டிலிருந்து ஏற்கெனவே பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். "அவங்களுக்கே சொல்லிட்லாம்" என்றார் அப்பா. ஸ்டெல்லா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கழுவி வைத்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள்.

மறுநாள் விடிந்ததும் அந்தத் தேன் தூக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ண்ணே, போன் பண்ணக்கூடாதுன்னுதான அப்பா சொன்னாரு? பஸ் ஏறக்கூடாதுன்னு சொல்லலியே. தூக்கு குடுக்க வந்தேன்னு சொல்லு. அவருக்கு இஷ்டம் இல்லன்னா அத நேர்ல கேட்டுக்கினு வா. ஒத்த டிக்க வெச்சிக்கினு நான் இன்னொருத்தனுக்குக் கழுத்த நீட்ட முடியாது."

கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் தூக்கை மடியில் அணைத்துக்கொண்டு, பிளாக் பண்ணியவர்களிடம் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி என்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது வளைவுக்குப் பிறகு ஒத்திகையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டவேண்டியதாகிவிட்டது. என் வீரம் அவ்வளவுதான்.

கதவைத் திறந்த மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாங்க தம்பி, தூக்கையே திருப்பி அனுப்பிட்டாங்களா? அப்ப வாணாம்னு சொல்லிட்டீங்களா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன அர்த்தம்! நல்லவேளை, அவர் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே நிறைய அதிரசம். ஸ்டெல்லா அடுக்கி வைத்திருந்தாள். வெறும் தூக்காக வரவில்லை என்றதும் அந்த அம்மாள் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.

வாத்தியார் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிளாக் பண்ணியவரின் பிடியாக அது இல்லை.

"தம்பி, உங்கள நெனைக்காத நாள் இல்லீங்க. நீங்க பூட்டிக் குடுத்ததுலர்ந்து ஒரு விளம்பரம்கூட வர்லீங்க! மூலம் வர்ல, சீட்டாட்டம் வர்ல. அவ்ளோ நிம்மதி."

"சந்தோஷம் மாமா" என்றேன். "மத்ததெல்லாம் வருதுங்களா?"

"மத்தது எதுவும் வர்லீங்க. மலைல டவரு அப்படிதான? நாங்கூட சம்மதம்னு அன்னிக்கே உங்கப்பாவுக்குப் பேசி அனுப்பிட்டேன். அவருதான் பதிலே போடல. பெரியவங்க யோசிக்கிறாங்க, நாம அவசரப்படுத்தக்கூடாதுன்னு இருந்துக்கினு இருக்கேன். பையன் குவார்ட்டர்ஸ்லர்ந்து இவ பட்டன் போனுக்கு டெய்லி போட்டுக் கேக்குறான், பதில் வந்துதா, வந்துதான்னு."

போனை வாங்கிப் பார்த்தேன். சாவியைக் காணவில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று போன் என் ஆப்பைத் தூங்கவைத்துவிட்டது. வாசல்காரன் வாசலைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். வேறு வழியாக எதுவும் போகக்கூடாது என்று நான்தான் அழுத்தியிருந்தேனே! வாத்தியார் அனுப்பிய குரல் மெசேஜ் பக்கத்தில் ஒரு கடிகாரப் படம். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கே சொன்ன சம்மதம் மலையைவிட்டு இறங்கவே இல்லை.

முகம் சூடேறக் காதெல்லாம் எரிந்தது. யோசிக்காமல் அந்த செட்டிங்கை அணைத்தேன். (யோசிக்காமல் அழுத்துவதுதான் என் தொழில் போலிருக்கிறது.) டொக், டொக், டொக் என்று போன் அலறத் தொடங்கியது.

"அட, உங்கப்பாதான்!" வாத்தியார் ஆசையோடு போனை வாங்கிக்கொண்டு உரக்கப் படித்தார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். ஆமென்." அடுத்த ரோஜாப்பூ. "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன். ஆமென்." அந்த அம்மாளும் கூடவே ஆமென் சொன்னார். நானும் சொன்னேன். கடைசி மெசேஜில் ரோஜாப்பூ இல்லை என்பதை எட்டிப் பார்த்துவிட்டேன். "மாமா, மீதிய அப்புறமா" என்பதற்குள் அவர் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்கள் மௌனத்திலிருந்தே பதில் தெரிந்துவிட்டது. எங்களுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக." பழக்கதோஷத்தில், "ஆமென்."

பிறகுதான் படித்தது அவருக்கே உறைத்தது. அந்த அம்மாள் கடித்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் முதுகுதான் என் கண்முன் வந்தது. ஏதாவது சொல்லவேண்டும். என் வாயில் வந்தது இதுதான்:

"அது... அது விளம்பரம்ங்க மாமா. பெரிசா எடுத்துக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆப்பை, அந்தச் சாவியை, எங்கள் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார்கள் என்று நான் அப்பாவிடம் அடித்துச் சொன்னதை, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். பாதியில் போன் அடித்தது. அப்பா. வாத்தியார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சம்மந்தி!" என்றார் அப்பா. "உங்க கொரல் இப்பதாங்க வந்துது. நாலு வாட்டி கேட்டேன். நான் காலைல ஒரு மெசேஜ்... கோவத்துல... எலவனாசூர்கோட்டைக்கு இன்னும் சொல்லலீங்க, சத்தியமா... நீங்க அத பாத்தீங்களா?"

வாத்தியார் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"இன்னா மெசேஜுங்க சம்மந்தி? வசனம்லாம் வந்துது. நடுவுல ஏதோ விளம்பரம் ஒண்ணு வந்துது. அத யாருங்க படிக்கிறாங்க?"

அந்தப் பக்கம் அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு இருவரும் ஓலை எந்த ஞாயிறு என்று பேச ஆரம்பித்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். என் ஆப் போன் காலைத் தடுக்கவில்லை. இத்தனை நாளும் அப்பா ஒரு தடவை அழைத்திருக்கலாம். வாத்தியாரும் அழைத்திருக்கலாம். இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அதை நினைத்து என் பழியில் பாதியையாவது இறக்கிவைக்கப் பார்த்தேன். முடியவில்லை. வாத்தியார் கேட்காமலே அவருக்கு எது வரவேண்டாம் என்று முடிவு செய்தவன் நான்தானே.

அதற்கு முன் நான் அவர்கள் வீட்டிலிருந்து புறப்பட்டபோது, வாத்தியார் வாசல்வரை வந்து தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தார். "தம்பி, கோச்சிக்காதீங்க. அந்த விளம்பரத்தையும் திருப்பி வுட்டுடுங்க. அது வந்துக்கினு இருந்தாதான் நெட்டு இருக்குதுன்னு தெரியுது."

தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் ஸ்டெல்லா கோபத்தில் கத்தினால், மாப்பிள்ளை பிள்ளைகளிடம், "விளம்பரம் ஓடுது, முடியட்டும் இருங்க" என்பார். அப்பா எதையாவது சொல்லிவிட்டு வருத்தப்பட்டால், "அது விளம்பரம், வுடுங்க சம்மந்தி" என்று மலையிலிருந்து போன் வரும். (இப்போதெல்லாம் இருவரும் தினமும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். வசனம் குறைந்துவிட்டது.) நான் அந்த வீட்டுப் படியேறும்போது மட்டும் வாத்தியார் வாய் நிறைய "வாங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே, சட்டைப் பையிலிருக்கும் போனை எடுத்து அந்தத் தேன் தூக்குக்குள் போட்டு மூடிவிடுவார்.