அதுக்கு முன்னாடி ராயப்பேட்டை

மயிலாப்பூரில் இருப்பவர்களிலேயே யாரையும் நம்பாதவர் எங்கள் பல்லு டாக்டர்தான். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நானே அவரிடம் தோற்றேன். அவர் நம்பாதவற்றை ஒருமுறை வரிசையாக எழுதினேன்: எக்ஸ்ரே, கிராம்புத் தைலம், எதிர் மருந்துக்கடை, "வலிக்கல டாக்டர்" என்பவர்கள், புன்னகையோடு வருபவர்கள்.

"பல்லு வலின்னு வர்றவன் இன்னாத்துக்கு சிரிக்கிறான்?"

அவருடைய தாத்தா சீனாவிலிருந்து பல் கட்டும் தொழிலுக்காக இங்கே வந்தவர். டாக்டரின் முகம் அந்தத் தாத்தாவுடையது. பேச்சு மாட வீதிக் காய்கறிக் கடையுடையது. புதிதாக வருபவர்கள் தவறாமல் கேட்பார்கள்.

"டாக்டருக்கு எந்த ஊரு?"

"மயிலாப்பூர்."

"இல்ல, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ராயப்பேட்டை."

மூன்றாவது கேள்வி வருவதற்குள் வாயில் பஞ்சு வந்துவிடும். தேவைக்கு இரண்டு மடங்கு பஞ்சு.

கொரோனா சமயத்தில் வாசல்வரை வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. பல வருஷம் அவரிடமே பல் காட்டியவர்களும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு யார் படியேறினாலும் ஜன்னல் வழியாக நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

அப்படிப்பட்டவரிடம் மிசுகியை அழைத்துக்கொண்டு போனேன். ஜப்பானிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருப்பவள்; கன்னம் வீங்கியிருந்தது. டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, ரெண்டு மூஞ்சியையும் ஜோடி சேத்துப் பாக்கலாம்னு இட்டாந்தியா?"

"பல்லு வலி டாக்டர்."

"அத்த நான் பாத்து சொல்றேன்."

திரும்பினால் மிசுகி ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள்: "வேறு டாக்டரே இல்லையா? இவரைப் பார்த்தால் எனக்கு வீட்டு ஞாபகம் வரும் என்று நினைத்தாயா?"

"இவர்தான் பக்கம்" என்றேன். வழியில் ஏழு பல் டாக்டர்களைத் தாண்டித்தான் வந்திருந்தோம்.

நாற்காலியில் சாய்ந்தவளை டாக்டர் உற்றுப் பார்த்தார். பிறகு, யார் கேட்டாலும் தனக்குப் பிடிக்காத அந்தக் கேள்வியை அவரே ஆங்கிலத்தில் கேட்டார்: எந்த ஊர்?

"அடையார்."

"அதற்கு முன்னால்?"

"அதற்கு முன்னால் ஆழ்வார்பேட்டை."

பஞ்சை எடுத்த கை அப்படியே நின்றது. "கன்னம் வீங்கியும் திமிரப் பாரு!" என்றார் என்னிடம். அவர் வாயில் அது பாராட்டு.

சீழ் எடுத்து முடித்த பிறகுதான் மிசுகி சொன்னாள். அவளுடைய அம்மா சீனர், அப்பா ஜப்பானியர். ஜப்பானில் அம்மாவைப் பற்றித் துருவுவார்கள், சீனாவில் அப்பாவைப் பற்றி. "அதனால் கடைசியாகத் தூங்கிய இடத்தைச் சொல்லிவிடுவேன். சடங்கு, சம்பிரதாயம் எதுவும் எனக்குக் கிடையாது."

"கரெக்ட்டு. எனக்கும் அந்த சைனா சமாசாரம் ஒண்ணுமே தெரியாது" என்றார் டாக்டர்.

வாய் மரமரப்பு தெளிந்ததும், அவளுக்காகக் கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைத் திறந்து, நடுவில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி நீட்டினேன்.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. டப்பா சாய்ந்தது. ஒரே கரண்டியை இருவரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சீனாவிலும் சரி, ஜப்பானிலும் சரி, சோற்றில் சாப்பிடும் குச்சியையோ கரண்டியையோ அப்படிக் குத்தி வைப்பது செத்தவர்களுக்குப் படைக்கும்போது மட்டும்தானாம்.

"ஒண்ணுமே தெரியாதுன்னீங்களே டாக்டர்?"

"எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பா போட்ட அடி, அது இந்தக் கைக்குத் தெரியும்."

"என்னை அம்மா, அப்பா இரண்டு பேருமே அடித்திருக்கிறார்கள்" என்றாள் மிசுகி, நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும். "அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்."

இப்போது இருவருமாக என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். "இவ யார சாவடிக்கப் பாக்குறா?" என்று டாக்டர் கேட்டார். அதன்பின் அடுத்த நோயாளி வரும்வரை இருவரும் என்னை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் கரண்டி படுத்துத்தான் இருக்கிறது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் டாக்டருக்கு எழுபத்தொன்று ஆகிறது.