புது ஊசி

ஊசி மாற்ற வேண்டும் என்று புருஷோத்தமன் அறிவித்தபோது அஞ்சலாட்சி பதறித்தான் போனாள்.

“ஏங்க, சுகர் ஏறிடுச்சா? டாக்டர் இன்னா சொன்னாரு?”

“எனக்கு இல்ல. மிஷினுக்கு.”

“அதுக்குமா சுகரு?”

உழவர்கரையில் அவர்கள் வீட்டு ஹாலில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் அந்த மிஷின் இருந்தது. பெல்ட்டில் ஓடும் பழைய ரெக்கார்டு பிளேயர். மோட்டார் பெல்ட்டை இழுக்கும், பெல்ட் தட்டைச் சுற்றும், தட்டு ரெக்கார்டைச் சுற்றும், ரெக்கார்டை புருஷோத்தமன் சுற்றுவார். டவுனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒரு சொல்தா வீட்டு மகன் பாரீசுக்கே போய்விட்டபோது, அந்த வீட்டுச் சாமான்களை முல்லா வீதியில் பழைய பொருள் கடை வைத்திருக்கும் சிராஜுதீன் மொத்தமாக எடுத்தார். எடுத்ததில் இதை நண்பர் புருஷோத்தமன் தலையில் கட்டினார்.

கட்டியது கட்டியதுதான். தட்டாஞ்சாவடி பாட்டில் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் புருஷோத்தமன் அன்றுமுதல் சங்கீத ஞானி ஆகிவிட்டார். முதலில் பெல்ட்டை மாற்றினார். தனக்குப் புது பேண்ட் பெல்ட் வாங்காமல் பழையதிலேயே ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்பவர், மிஷினுக்கு மட்டும் வெளியூரிலிருந்து பெல்ட் வரவழைத்தார். பிறகு தட்டின்மேல் கார்க் விரிப்பு. பிறகு அடியில் கிரானைட் பலகை. ரெக்கார்டு ஓடும்போது மிக்சி கூடாது, ஃபேன் கூடாது, யாரும் குறுக்கே நடக்கக் கூடாது.

இப்போது ஊசி. சும்மா ஊசி இல்லை. ஊசியோடு சேர்ந்த முழுத் தலை. சிராஜுதீனிடம் ஒன்று வந்திருந்தது.

“பழசுக்கு இன்னா கேடு?” என்றாள் அஞ்சலாட்சி.

“உனக்குப் புரியாது. ஒலின்னா சும்மாவா? வீட்டுல எப்பவும் ஒலி, ஒலின்னு சொல்றேனே, காதுல விழுதா?”

“விழுது. நான்தான் ‘ஒழி’ன்னு நெனச்சு நகர்ந்து நகர்ந்து போயிட்டிருந்தேன்.”

புருஷோத்தமன் ரோஷத்தோடு எழுந்தார். “கண்ணக் கட்டி உட்டாலும் எது புதுசு, எது பழசுன்னு சொல்லுவேன். அப்படிப்பட்ட காது இது!”

“சரி, சொல்லுங்க. ஜெயிச்சா வாங்கிக்குங்க. அடுத்து எதைக் கேட்டாலும் நான் வாயே தொறக்க மாட்டேன். தோத்தா, இந்த மிஷினு என் சொல்படிதான் ஓடணும்.”

வாய் முந்திக்கொண்டது. “சரி” என்று சொல்லிவிட்டார். மொட்டைமாடிக்குப் போனதும்தான் யோசித்தார். உண்மையில் அவருக்கு இருமல் மருந்து பாட்டிலுக்கும் எண்ணெய் பாட்டிலுக்கும் வித்தியாசம் தட்டிப் பார்த்தாலே தெரியும். ஊசிக்கும் ஊசிக்கும்? அங்கிருந்தே சிராஜுதீனுக்குப் போன் போட்டார்.

“பாய், ஞாயித்துக்கிழமை நீங்கதான் வந்து மாத்தி மாத்திப் போடணும். புதுசு போட்டா லேசா இருமுங்க. பழசுன்னா பேசாம இருங்க.”

“இருமுனா வியாபாரம் நடக்குமா?”

“கண்டிப்பா.”

“அப்ப ரெண்டு தடவையே இருமுறேன்.”

ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருந்தது. சிராஜுதீன் தன் வீட்டில் ரகசியம் வைப்பதில்லை. அவர் மனைவி ஜஹபர் நிஷாவோ அஞ்சலாட்சியிடம் ரகசியம் வைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிராஜுதீன் புது ஊசியோடு வந்தார். அஞ்சலாட்சி சிரித்த முகத்தோடு மிளகாய் பஜ்ஜி வைத்தாள். புருஷோத்தமன் கண்ணைத் துண்டால் அவளே இறுக்கிக் கட்டினாள். பிறகு புது ஊசி இருந்த டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாப்புடுங்க பாய். ஆறிடப் போவுது.”

சிராஜுதீன் ஒரு கடி கடித்தார். அந்த மிளகாயை அவள் மார்க்கெட்டில் தேடித் தேடிப் பொறுக்கியிருந்தாள். ரெக்கார்டு ஓடத் தொடங்கியது. நாதஸ்வரம் எழுந்தது, கூடவே சிராஜுதீனின் இருமலும்.

“புதுசு!” என்றார் புருஷோத்தமன்.

மறுபடி ஊசியைத் தூக்கி வைத்தார்கள். சிராஜுதீன் இரண்டு கைகளையும் ஆட்டி, இல்லை இல்லை என்று சைகை காட்டினார். கண் கட்டியிருந்த மனிதனுக்கு அது எப்படித் தெரியும்? இருமல் மட்டும் தெரிந்தது.

“இதுவும் புதுசு! ஆகா, தவில்காரர் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதே!”

மூன்றாவது முறை சிராஜுதீன் தண்ணீர்ச் செம்பைத் தேடி ஹாலையே சுற்றிக்கொண்டிருந்தார்.

“புதுசேதான்! கோயில் பிராகாரத்துல நிக்கிற மாதிரி இருக்கு அஞ்சலை!”

துண்டு அவிழ்ந்தது. கண்ணெல்லாம் சிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது தவில்காரர் அல்ல, சிராஜுதீன். புது ஊசி மூடிய டப்பாவிலேயே அஞ்சலாட்சி மடியில் இருந்தது.

“மன்னிச்சுக்குங்க புருஷோத்” என்றார் சிராஜுதீன், செம்பை வாயிலிருந்து எடுக்காமலே.

அவமானத்தில் புருஷோத்தமனுக்குக் கோபம் வந்தது. “எந்த மனுசனாலயும் கண்டுபுடிக்க முடியாது! எங்க, நீ சொல்லு பாப்போம்!”

அஞ்சலாட்சி அதே துண்டை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள். இம்முறை சிராஜுதீன் நிஜமாகவே மாற்றினார்.

“இது புதுசு” என்றாள். “பழசுல தவில் அட்டைப்பொட்டியத் தட்டுற மாதிரி இருக்கும். இதுல தோல் தெரியுது.”

பழையதைப் போட்டார்கள். “பழசு.” புருஷோத்தமன் கண்ணைக் காட்ட, சிராஜுதீன் அதையே தூக்கித் திரும்ப வைத்தார்.

“ஏன் அதையே போடுறீங்க?”

ஹாலில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. கண்ணைக் கட்டியபடி, தலையை லேசாகச் சாய்த்து அவள் உட்கார்ந்திருந்தாள். விரல் முழங்காலில் தாளம் போட்டது. தப்பாத தாளம்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

“நீங்க போடுறப்பல்லாம் சமையல்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

புருஷோத்தமனுக்குச் சில மாலைகள் நினைவுக்கு வந்தன. கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் அவள் வந்து நிற்பாள். ஏதோ வாங்கி வரச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, பேசாதே என்று கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் திரும்பிப் போய்விடுவாள். இவ்வளவு பெரிய ஹாலில் அவர் இத்தனை நாளும் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார். கார்க்கையும் கிரானைட்டையும் தேடி அலைந்த மனிதர், இது உனக்குப் பிடிக்குமா என்று அவளை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

அஞ்சலாட்சி துண்டை அவிழ்த்து அதைப் பார்த்தாள். முகம் கனிந்தது. டப்பாவைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“பாய், இது இங்கியே இருக்கட்டும். நல்லா இருக்கு. வாங்கிக்கிறோம்.”

புருஷோத்தமனால் நம்ப முடியவில்லை. தோற்றும் ஜெயித்துவிட்டோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது. “அப்ப இப்பவே மாட்டிரலாமா அஞ்சலை?”

“நான் வந்து உக்காரும்போது மாட்டுங்க” என்றாள் அவள். “நீங்க தனியா கேக்கறதுக்குப் பழசே போதும்.”