முற்றத்தில் ஒரு மடு

இந்த ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போவதில்லை என்று பஸ்ரியன் கிளாக்கர் திடசங்கற்பம் பூண்டார். காட்டுக்குள் கொட்டில் போட்டு, ஒன்பது நாள் மச்சான்மாரின் குறட்டைக்கு நடுவே பாயில் புரள்வதைவிட, பேசாலை வீட்டிலேயே சாய்மனைக் கதிரையில் கிடந்து புத்தகம் வாசிப்பது ஆன்மாவுக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

அந்த முடிவை மனைவி றஞ்சிதத்திடம் சமர்ப்பிக்கத்தான் தைரியம் இல்லை. பிள்ளைகள் இரண்டும் "மடு, மடு" என்று குதிப்பதுதான் அவளுடைய பலம். அந்தக் குதிப்பை முற்றத்திலேயே தீர்த்துவிட்டால்?

சனிக்கிழமை காலையே வேலை தொடங்கியது. கதிரைகளை வரிசையாக வைத்தார். பஸ் தயார். சுளகுதான் ஸ்ரியரிங். நாலு தடியும் பழைய கிடுகும் கொட்டிலாயின. மூன்று கல்லும் ஒரு சிரட்டையும் குசினி. மகள் பெற்றிசியா பொம்மையோடு ஏறினாள். சின்னவன், வழியிலுள்ள முருங்கன் ஊரைத் தாண்டும்வரை ஹோன் அடித்தான்.

"எப்பிடி பிள்ளை, எங்கட மடு?"

"இதுதான் அப்பா நல்லம்!"

கிளாக்கருக்கு உச்சி குளிர்ந்தது. றஞ்சிதம் வாசலில் நின்று பார்த்தாள். கோபிக்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"மாதா இல்லாமல் மடுவோ?" என்றவள் உள்ளே போய், வீட்டுப் பீடத்தில் இருந்த மாதா சுரூபத்தைக் கொண்டுவந்து கொட்டிலுக்குள் வைத்தாள். பிறகு தலையில் முக்காட்டைப் போட்டுப் பக்கத்துக் கொட்டில்காரியானாள்.

"அண்ணை, எங்கயிருந்து வாறியள்?"

"பேசாலை, தங்கச்சி."

"ஐயோ, பிள்ளைக்கு நெருப்பாய்க் கொதிக்குதே!" பொம்மையின் நெற்றியைத் தொட்டாள்.

பெற்றிசியாவின் முகம் சுருங்கியது. "அப்பா, செத்துப்போயிடுமோ?"

"நேர்த்தி வையுங்கோ அண்ணை."

"ஒரு மெழுகுதிரி..."

"இந்தக் காய்ச்சலுக்கு மெழுகுதிரியோ? பார்த்தால் படிச்ச மனுசன் மாதிரிக் கிடக்குது!"

பெற்றிசியா விம்மத் தொடங்கினாள். விளையாட்டுக் கெட்டால் திட்டமே கெட்டுவிடும். கிளாக்கர் முழங்காலில் விழுந்தார். இரு கைகளையும் விரித்தார்.

"மாதாவே! இந்தப் பிள்ளைக்குச் சுகம் வந்தால், இந்த வருசமே குடும்பத்தோட மடுவுக்கு வந்து ஒன்பது நாளும் கொட்டில் போட்டு இருப்பன். மச்சான்மாரையும் கூட்டிக்கொண்டு வருவன்!"

மச்சான்மாரை ஒருவரும் கேட்கவில்லை. அது கலைஞனின் உற்சாகம்.

றஞ்சிதம் முக்காட்டை எடுத்தாள். நிதானமாகச் சிலுவை போட்டாள்.

"ஆருக்கு முன்னால வாக்குக் குடுத்தனீங்கள் எண்டு தெரியுமோ?"

"விளையாட்டுக்குத்தானே, இஞ்சேர்..."

"பஸ் விளையாட்டு. கொட்டில் விளையாட்டு. சுரூபம் பங்குச் சுவாமி மந்திரிச்சது."

கிளாக்கருக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்துக் கன்னத்தில் வழிந்தது. ஆனாலும் இருபது வருடம் கந்தோரில் பேனா பிடித்த மனிதர். சட்டத்தில் ஒரு ஓட்டை கண்டார். பொம்மையைத் தூக்கித் தன் கன்னத்தோடு அணைத்தார்.

"சுகம் வந்தால் எண்டெல்லோ சொன்னனான்? பாவம், இன்னும் கொதிக்குது!"

பெற்றிசியா பொம்மையைப் பறித்தாள். அதன் முகத்தைத் தடவினாள். கை ஈரமானது.

"அம்மா! பிள்ளைக்கு வேர்த்திட்டுது! காய்ச்சல் விட்டிட்டுது!"