ஆறு மணிச் சண்டையும் ஆறு விநாடியும்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம், இந்தத் தடவை அதற்கு என் இதயத்துக்குள் ஒரு இயந்திரமே சாட்சி. நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. இனிமேல் தினமும் மாலை ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்ய வேண்டாம் என்று தெரிவிக்கவே இக்கடிதம். காரணத்தைச் சொல்கிறேன், குறுக்கிடாமல் படி.

மூன்று மாதம் முன்பு ஓட்டுநர் பயிற்சி வண்டியில் நான் மயங்கியது உனக்குத் தெரியும். என்னிடம் ஓட்டக் கற்க வந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கிக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. "சார் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு, என் மேல அவ்ளோ நம்பிக்கைன்னு நினைச்சேன்" என்கிறார். நாற்பது நாளாக வராத பார்க்கிங்கை அன்றைக்கு ஒரே மூச்சில் போட்டுவிட்டார். நான் வெயில் என்றேன், நீ இதயம் என்றாய். காரணம் தெரியும்வரை வண்டியில் ஏறக்கூடாது என்று பயிற்சிப் பள்ளி முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் என் சட்டைப்பையில் இருந்த சாவி, மச்சான். வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தேன்.

இதய டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தீப்பெட்டி அளவு ஒரு பட்டையை நெஞ்சில் ஒட்டி, பதினாலு நாள் துடிப்பையும் இது பதிவு செய்யும், அந்தந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள் என்றார். விடுவேனா? நல்ல மார்க் வாங்கியே தீருவது என்று மாடிப்படி ஏறவில்லை, வேகமாக நடக்கவில்லை, உன் போனை எடுக்கவில்லை, உன் அக்கா உப்பில்லாமல் போட்டதைக்கூடப் பிரமாதம் என்று சாப்பிட்டேன். அவள் பயந்துபோய், "இவருக்கு என்னமோ ஆயிடுச்சு, ரொம்ப மரியாதையா பேசுறாரு" என்று பக்கத்து வீட்டில் அழுதிருக்கிறாள். பட்டையில் ஒன்றுமே இல்லை. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்க பரீட்சை எழுதியிருக்கீங்க. எனக்கு அது வேண்டாம். வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க."

"வழக்கமா சாயங்காலம் மச்சானோட போன்ல சண்டை போடுவேன், டாக்டர்."

"தாராளமா போடுங்க."

இன்னொரு பட்டையை ஒட்டி, சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்: படி ஏறலாம், நடக்கலாம், மைத்துனருடன் சண்டை போடலாம்.

போட்டோமே! வண்டியை முன்பக்கமாக நிறுத்துவதா, பின்பக்கமாக நிறுத்துவதா என்று, உன் போன் கெட்டுப்போன ஒரு நாள் நீங்கலாக. இரண்டாவது பட்டையில் சிக்கிவிட்டது. ஒரு சாயங்காலம் ஆறு விநாடி இதயம் வேலைநிறுத்தம். யாரால் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நெஞ்சைப் பிளப்பார்கள் என்று நினைத்து உன்னிடம் சொல்லாமலே போனேன். ஆனால் டாக்டரம்மா பேனாவால் படம் போட்டுக் காட்டினார். துடிப்பு நின்றால் தட்டி ஓட வைக்க, பெரிய மாத்திரை அளவில் ஒரு கருவி, தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும், ஒயரும் கிடையாது, நெஞ்சில் தழும்பும் கிடையாது. என்னென்ன தப்பாகப் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார். "பயிற்சி வண்டி" என்றேன். அதை எழுதிக்கொண்டார், மச்சான்! டாக்டர் எழுத, நான் சொல்ல, இப்படி நடந்ததே இல்லை. மேஜையில் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். திரையில் குழாய் வளைவில் திரும்பும்போது என் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. "காலை ஆட்டாதீங்க சார், அதுலதான் நான் ஓட்டிட்டிருக்கேன்" என்றார். என்ன கை, என்ன நிதானம்! என்னிடம் கற்றிருந்தால் முதல் தடவையிலேயே லைசென்ஸ். மறுநாள் வீட்டில் இருந்தேன்.

ஆக, இதயத்தை நிறுத்தியது உன் குரல் என்று ஆகிறது. போன் வேண்டாம். உன் வீட்டம்மாவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, நீ நிறுத்தும் வண்டிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுமுன் இன்று பரிசோதனைக்குப் போனேன். பட்டையைப் படிக்கும் பெண் என் நோட்டைப் பக்கத்தில் வைத்து மணியை ஒப்பிட்டுப் பார்த்தாள். சண்டை போட்ட நாளெல்லாம் இதயம் ஜம்மென்று ஓடியிருக்கிறது. நின்றது ஒன்பதாம் நாள், ஆறு பத்துக்கு. அந்த இடத்தில் என் கையெழுத்து: "ஒன்றும் செய்யவில்லை. போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்." அது உன் போன் கெட்டுப்போன நாள். "ரெண்டுக்கும் சம்பந்தமில்ல சார், தற்செயல்" என்றார் டாக்டர். படித்தவர், சரியாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் சாவி கைக்கு வருகிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஆறு மணிக்குப் போன் பண்ணு. பின்பக்கமாகத்தான் நிறுத்த வேண்டும்.